மைதானத்தைக் கொடுத்தவருக்கும் பொறுப்புண்டு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (விவசாயிகள் அமைப்பொன்றின் செயலாளர், பட்டிப்பளை): பெரும்போக அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர் மைதானத்தில் மூன்று நாட்களுக்கு விவசாயக் கண்காட்சி நடத்த எண்ணியுள்ளோம். விதைநெல்லும் உழவு இயந்திரமும் பார்க்கப் பெரியவர்கள் வந்தாலும், சனம் கூடுவது ராட்டினத்துக்கும் விளையாட்டுக் கடைகளுக்கும்தான். ஆகவே அவற்றை ஒருவருக்கு மொத்தக் குத்தகையாகக் கொடுக்கப் பேசியிருக்கிறோம். "எல்லா லைசன்சும் என்னிடம் இருக்கிறது, நீங்கள் ஒன்றும் பார்க்கத் தேவையில்லை" என்கிறார் அவர். அந்தச் சொல்லை நம்பலாமா?

பதில்: அவர் சொல்லும் லைசன்ஸ் எதற்கானது என்று ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்த பின்பு நம்புங்கள். களியாட்ட நிகழ்வொன்றுக்கான அனுமதி ஒரே கந்தோரில் ஒரே தாளாகக் கிடைப்பதில்லை. மைதானத்தைப் பாவிக்கவும் கடைகள் போடவும் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். நுழைவுச் சீட்டு விற்பதானால் இலங்கையின் 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சபைக்குச் செலுத்த வேண்டிய வரி பற்றியும் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியானது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதனை ஒலிக்க விடக் கூடாதென்பது 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையின் பின் பொதுவான நடைமுறையாகிவிட்டது. உணவுக் கடைகள் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

இத்தனை தாள்களையும் அவர் கையில் வைத்திருந்தாலும், ராட்டினம் பாதுகாப்பானது என்பதற்கு அவற்றுள் ஒன்றுகூடச் சான்றாகாது. சபையின் வருமானப் பரிசோதகர் கடைகளை எண்ணிப் பணம் அறவிடுவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொத்துரொட்டிக் கல்லையும் தண்ணீர்ப் பீப்பாவையும் பார்ப்பார். ராட்டினத்தின் அச்சையும் ஒட்டு வேலையையும் பார்ப்பது அவர்களுடைய கடமையன்று, அதற்கான பயிற்சியும் அவர்களுக்கு இல்லை. போன மாதம் வேறொரு சபையின் எல்லைக்குள் பெற்ற அனுமதியைக் காட்டினால், அது அந்த ஊருக்கும் அந்த நாட்களுக்கும் உரியது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ராட்டினம் என்பது கழற்றி லொறியில் ஏற்றி, அடுத்த ஊரில் மீண்டும் பூட்டப்படும் பொறி. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஓர் ஆணி விடுபடலாம், ஒரு கால் சரிவாக நிற்கலாம். ஆகவே உங்கள் மைதானத்தில் நிறுத்திய பின் பார்த்ததே பரிசோதனை.

பார்த்தால் மட்டும் போதுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2017ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில், அதுவும் விவசாயக் கண்காட்சியே, தொடக்க நாளன்று "ஃபயர் போல்" என்னும் சுழல் ஊஞ்சல் முறிந்து ஒருவர் உயிரிழந்தார். ஏழு பேர் காயமடைந்தனர். அந்த ஊஞ்சலை அரசாங்கப் பரிசோதகர்கள் திறப்பதற்கு முன் பார்த்து அனுமதித்திருந்தார்கள். இருக்கைகளைத் தாங்கிய இரும்புக் குழாயை உள்ளிருந்தே துரு அரித்து, அதன் சுவர் ஆபத்தான அளவுக்கு மெலிந்திருந்ததாக அதனைத் தயாரித்த நெதர்லாந்து நிறுவனம் பின்னர் தெரிவித்தது. அப்போது அந்தப் பொறியின் வயது 18. வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த நம்முடைய நிலத்தில் ஜன்னல் கம்பிகளே சில வருடங்களில் எப்படியாகிவிடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். திருவிழாவுக்குத் திருவிழா இடம் மாறி, மழையிலும் உப்புக் காற்றிலும் நிற்கும் ராட்டினத்தின் மேல் புதுப் பெயின்ற் பளபளத்தால், எனக்கென்னவோ மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முதலில் எழுகிறது.

எனவே குத்தகை ஒப்பந்தத்தில், 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியல் பேரவையில் பதிவு பெற்ற இயந்திரப் பொறியியலாளர் ஒருவர் ராட்டினத்தைப் பூட்டிய பின் உங்கள் மைதானத்திலேயே பரிசோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்றும், பாரம் தாங்கும் குழாய்களின் தடிப்பைக் கேளா ஒலிக் (அல்ட்ராசவுண்ட்) கருவியால் அளக்க வேண்டும் என்றும், அதற்கான செலவு குத்தகைக்காரருடையது என்றும் ஒரு வாசகம் சேருங்கள். இதற்கு இணங்காதவருக்கு மைதானம் இல்லை என்று சொல்லத் தயங்க வேண்டாம். அடுத்து, தரை. மாரி மழை தை வரை நீடிக்கும் வருடங்களில் வயலை அண்டிய மைதானம் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். ராட்டினத்தின் கால்களுக்குக் கீழே அகலமான மரத் தண்டவாளக் கட்டைகள் இருக்கின்றனவா, ஒவ்வொரு நாளும் மட்டம் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். முதல் நாள் ஆளேற்றாமல், இருக்கைகளில் மணல் மூட்டைகளை வைத்து ஓட்டச் சொல்லுங்கள். மின்பிறப்பாக்கி நிலத்துடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆட்களைக் காப்பதற்கான ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் மின்கசிவிலேயே மின்னைத் துண்டிப்பதாக இருக்க வேண்டும். சோதனைப் பொத்தானை உங்கள் கண்முன்னே அமத்திக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று: ராட்டினத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்கள் குழுவில் ஒருவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு வரிசை நீண்டு நிற்கையில், குத்தகைப் பணத்தை மூன்றே நாளில் எடுக்க வேண்டியவர் தானாக நிறுத்தமாட்டார்.

கேள்வி (ஒரு தாய், தம்பிலுவில்): கோயில் திருவிழாவொன்றில் வளையம் எறியும் கடையில் என் மகன் 1,500 ரூபாயைத் தொலைத்துவிட்டான். வளையம் ரேடியோவின் மேல் விழுந்தபோதும், அதன் கீழிருந்த மரக்கட்டையையும் சேர்த்துச் சூழ வேண்டும் என்று சொல்லிப் பரிசைக் கொடுக்கவில்லை. இது விளையாட்டா, சூதா? கனடாவிலுள்ள என் தம்பி, அங்கே இவை எல்லாம் சட்டப்படி நடப்பதாகச் சொல்கிறார்.

பதில்: தங்கள் மகன் எறிந்த வளையம் அந்தக் கட்டையைச் சூழக்கூடிய அளவினதா என்பதில்தான் விடை இருக்கிறது. கைத்திறனால் வெல்லத்தக்கது விளையாட்டு. காசு கட்டி அதிர்ஷ்டத்தை நம்புவது சூது. எவராலும் வெல்ல முடியாதபடி அமைத்திருந்தால் அது இரண்டுமல்ல, ஏமாற்று. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் பந்தயம் கட்டி ஆடுவதைச் சட்டவிரோதச் சூதாட்டமென்று 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டமே வரையறுத்தது. சுழல் சக்கரத்தில் இலக்கத்துக்குக் காசு வைக்கும் கடைகளைப் பொலிஸார் கலைப்பது அந்த வழியில் வந்ததே. வளையக் கடை அந்த எல்லைக்கு வெளியே நிற்பதாகச் சொல்லிக்கொண்டே பிழைக்கிறது.

இந்தக் கடைகளின் தந்திரங்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வளையம் கட்டையைவிட மயிரிழை மாத்திரமே பெரிதாக இருக்கும். நேர் செங்குத்தாக விழுந்தாலன்றி உள்ளே போகாது. அடுக்கிய பேணிகளில் அடிப்பேணிக்குள் ஈயமோ மணலோ இருக்கும். பலூன்களில் காற்றுக் குறைவாகவும் ஊசி மொட்டையாகவும் இருக்கும். கூடைப்பந்து வளையம் வட்டமாக இராது, முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆகையால் பரிசோதிக்கப் போகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே: "நீங்கள் எறிந்து, ஒரு தடவை வென்று காட்டுங்கள்." கடைக்காரரே தன் கடையில் வெல்ல முடியாமல் விழித்தால் வேறு விசாரணை எதற்கு? விதியும் ஒரு தடவைக்கான கட்டணமும் பரிசும் தமிழில், பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதித் தொங்க வேண்டும். எறிந்த பின் சொல்லப்படும் விதி விதியன்று. சிகரெட் பெட்டியைப் பரிசாக அடுக்கியிருந்தால், 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தை நினைவூட்டி உடனே அகற்றச் சொல்லலாம்.

தம்பி சொல்வது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. கனடாவின் குற்றவியல் கோவையில் 207ஆம் பிரிவு, மாகாண அரசு அங்கீகரித்த கண்காட்சிகளின் சபைக்கும் அதனிடம் கடை குத்தகைக்கு எடுத்தவருக்கும் அதிர்ஷ்ட விளையாட்டு நடத்த இடமளிக்கிறது; பொதுக் களியாட்ட இடங்களில் மாகாண லைசன்சுடன் நடப்பவற்றுக்கு ஒரு வாய்ப்பின் விலை 2 டொலரையும் ஒரு பரிசின் பெறுமதி 500 டொலரையும் தாண்டக் கூடாதென்று எல்லையும் வகுத்திருக்கிறது. அங்கே அனுமதி இருக்கிறது என்பதைவிட, ஒரு பிள்ளை ஓர் எறிதலில் எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு உச்ச வரம்பு இருக்கிறது என்பதையே நான் கவனிப்பேன். நம் கோயில் பரிபாலன சபைகளும் கடைக்கு இடம் கொடுக்கும்போது இப்படியொரு வரம்பை எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தாங்கள் சபையிடமே எழுத்தில் முறையிடுங்கள். அடுத்த திருவிழாவில் அவருக்கு இடம் கொடுப்பதா என்பதை முடிவு செய்பவர்கள் அவர்களே.

கேள்வி (விளையாட்டுக் கழக உறுப்பினர், ஆலையடிவேம்பு): பிள்ளைகள் ஏறித் துள்ளி விளையாடும் காற்றடைத்த துள்ளல் கோட்டைக்கும் இவ்வளவு பரிசோதனை வேண்டுமா? அது வெறும் றப்பர்ப் பைதானே?

பதில்: பாய்மரம் போலக் காற்றை வாங்கும் பை அது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் டெவன்போட் நகரப் பாடசாலையொன்றில் காற்று அத்தகைய கோட்டையைத் தூக்கியதில் ஆறு சிறுவர்கள் உயிரிழந்தார்கள். ஐரோப்பியத் தரவிதி குறைந்தது ஆறு இடங்களில் கட்ட வேண்டுமென்றும், காற்று மணிக்கு 38 கிலோமீற்றரைத் தாண்டினால் பாவிக்கக் கூடாதென்றும் கூறுகிறது. கச்சான் காலத்து மதியத்துக்குப் பின் வீசும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த மணலில் குறுகிய ஆணி நிற்காது. தயாரிப்பாளர் வைத்த ஒவ்வொரு வளையத்திலும் நீண்ட இரும்பு முளை அடிக்க வேண்டும். காற்றுமானி கிடைக்காவிட்டால், இலையடர்ந்த சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்குவதை அடையாளமாகக் கொண்டு நிறுத்துங்கள். முதலில் பிள்ளைகளை இறக்க வேண்டும், அதன் பிறகுதான் காற்றூதியை நிறுத்த வேண்டும்.