உதவி வீடியோ எடுக்க வருகிறார்கள், விடலாமா?

"யாழ்ப்பாணத்தில் யூடியூப் செய்கிற ஒருவர், எங்கள் வீட்டு நிலைமையை வீடியோவாகப் போட்டால் வெளிநாட்டில் இருந்து உதவி வரும் என்கிறார். சம்மதிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் போடாமல் கேட்டதிலேயே உங்கள் மனம் விளங்குகிறது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டீர்கள்.

விட வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒருவரை என் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். கரவெட்டிப் பக்கம். அத்தான் வருத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு தனிய இருக்கிறா. வீடு பூசாமல், அறைகளுக்குக் கதவில்லாமல், மலசலகூடம் அரைவாசியில் நின்றது. நெல்லியடியில் என் கடைக்கு வந்து போகிற தம்பி ஒருவர் யூடியூப் சேனல் வைத்திருந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. நானே கேட்டேன், அவரும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

முதலில் குசினிக்குள் போய், "பானையில என்ன இருக்கு, திறந்து காட்டுங்கோ அம்மா" என்றார். அக்கா மூடியைத் திறந்தா. முதல் நாள் சோறு. அதுவரை அக்கா அழவில்லை. அத்தானைப் பற்றிக் கேட்டபோதுதான் உடைந்துபோனா. உடனே கமரா கிட்டப் போனது. அந்த நேரம் பார்த்து மகள் பள்ளிக்கூடத்தால் சைக்கிளில் வந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. அவர் அப்படியே கமராவை அவள் பக்கம் திருப்பினார். அவள் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி படலையடியிலேயே நின்றாள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கழுத்துப்பட்டியைப் பார்த்தால் எந்தப் பள்ளிக்கூடம் என்று இங்கே எவருக்கும் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கத் தோன்றவில்லை.

வீடியோவின் முகப்பில் அந்தப் பிள்ளையின் முகம்தான் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் "சோற்றுக்கே வழியில்லாத குடும்பம்".

காசு வந்தது. அதை மறைக்கவில்லை. பத்து நாளில் 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபா. மலசலகூடம் கட்டி முடிந்தது, கதவுகள் போட்டாச்சு. ஆனால் அதைக் கொடுக்கவும் ஒரு வீடியோ. அக்கா கமரா முன்னால் நோட்டை எண்ண வேண்டும், அனுப்பியவர்களின் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். ஒரு பெயரைப் பிழையாகச் சொன்னதால் மூன்று தரம் சொல்ல வைத்தார்கள்.

அப்புறம் கொமெண்ட். "காதில தோடு கிடக்கு, அதை வித்துச் சாப்பிடலாம்தானே" என்று ஒருவர். அது கவரிங் தோடு. "பின்னால பிரிட்ஜ் நிக்குது, இதுகளுக்கு என்ன வறுமை" என்று இன்னொருவர். அந்த பிரிட்ஜ் பழுதாகி எவ்வளவோ காலம். எலி தின்னாமல் அரிசி வைக்க அதைப் பாவிக்கிறா. மகளைப் பற்றி எழுதியவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ரியூசனில் பொடியங்கள் அவளை "சோறு" என்று கூப்பிடத் தொடங்க, ரியூசனுக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஒரு நாள் என்னிடம், "மாமா, நீங்கள் ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

உடனே சிலர் வந்து, உதவி செய்கிறவர்களைக் குறை சொல்லாதே என்பார்கள். எல்லோரையும் சொல்லவில்லை. முகம் காட்டாமல் செய்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இரவு பகலாக வேலை செய்து அனுப்புகிறவர்களை ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், என் சொந்தத் தம்பியும் கனடாவில்தான். நான் சொல்வது அந்தக் கமராவைப் பற்றி. ஒரு சேனலுக்கு விளம்பரக் காசு வர 1000 சந்தாதாரர்களும் 12 மாதத்துக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (குறும்வீடியோவுக்குக் கணக்கு வேறு.) விளம்பரக் காசும் பார்க்கிறவர் எந்த நாடு என்பதைப் பொறுத்துக் கூடிக் குறையும். கனடாவில், சுவிஸில் இருந்து பார்க்கிறவருக்கு வருவது இங்கிருந்து பார்க்கிறவருக்கு வருவதை விடக் கனக்க. அப்படியென்றால் அங்கே இருப்பவர்கள் கடைசிவரை பார்க்கிற மாதிரித்தான் எடுப்பார்கள். அழுகை இருந்தால் கடைசிவரை பார்ப்பார்கள். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை, ஆனால் அக்கா அழாவிட்டால் அவருக்கு வீடியோ இல்லை.

90களில் மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். அப்போதும் வெளிநாட்டுக் காசில்தான் பல வீட்டில் அடுப்பு எரிந்தது. உண்டியலில் வரும், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாறி. யாருக்கு எவ்வளவு வந்தது என்று பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. வாங்கியவர் அடுத்த நாள் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கமராவைக் கண்டதும் எங்கள் பிள்ளைகள் ஏன் சென்னைத் தமிழ் கதைக்கிறார்கள்? வீட்டில் "என்னணை அம்மா" என்கிற பிள்ளை, வீடியோவில் "ஹாய் மக்களே, செம்மயா இருக்கு" என்கிறது. சென்னைத் தமிழில் பிழையில்லை, அது அவர்களுடையது. அக்காவின் வீடியோவிலும் அக்கா எங்கள் தமிழில் அழுகிறா, அவர் வேறு தமிழில் ஆறுதல் சொல்கிறார். எனக்கு அது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் வீடியோவை நீக்கச் சொல்லி அந்தத் தம்பியிடம் கேட்டோம். இன்று, நாளை என்றார். பிறகு யூடியூப்பிலேயே தனியுரிமை முறைப்பாடு போடலாம் என்று அறிந்து அக்காவின் பெயரில் போட்டேன். முகமோ குரலோ வைத்து ஆளை அடையாளம் காண முடியும் என்றால் முறைப்பாடு செய்யலாம். போட்டவருக்குத் தானாக நீக்க 48 மணி நேரம் கொடுக்கலாம். நீக்கியும் விட்டார். ஆனால் அதற்குள் துண்டு துண்டாக வெட்டி டிக்டொக்கிலும் முகநூலிலும் வேறு ஆட்கள் போட்டுவிட்டார்கள். அவை இன்றைக்கும் கிடக்கின்றன. 2018இல் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் தங்கள் தளத்துக்கும் பங்கிருந்தது என்று பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. உயிரும் வீடும் கடையும் போனதற்கே இரண்டு வருடம் ஆனது. ஒரு பிள்ளையின் முகத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தை முதலில் கேளுங்கள். லண்டனிலும் கனடாவிலும் கிளை வைத்திருக்கிற சங்கங்கள் நிறைய. அதிபரின் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், காசை உங்கள் வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லிக் கேட்கலாம். வேறு வழியே இல்லை, வீடியோதான் என்றால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு எடுக்க விட வேண்டாம், பள்ளிக்கூட உடுப்புக் கொடியில்கூடக் கிடக்கக் கூடாது, காசு வீடியோ எடுக்கிறவர் கையால் வரக் கூடாது.

எந்தப் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள், தெரிந்தவர்களோடு கதைத்துப் பார்க்கிறேன். இங்கே கீழே ஊரையோ பெயரையோ போட வேண்டாம்.