சைலன்சருக்குச் சட்டை

வணக்கம் அண்ணா,

வேட்டைத் துப்பாக்கியின் முனையில் சத்தத்தைக் குறைக்க மாட்டுகிற சைலன்சர் குழாய்க்கு, சூடு தடுக்கும் துணி உறை தைத்து விற்ற கதையைப் போன மாதம் நாலு வரியில் சொல்லிவிட்டு வேறு எங்கோ போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் மனதில் நின்றது. நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். நான் எச்1பி வேலை விசா, மனைவி அதோடு வரும் எச்4 துணைவர் விசா. ஊரில் தையல் படித்தவள், நன்றாகத் தைப்பாள். கேரேஜில் ஒரு மெஷின் வாங்கிப் போட்டு இதைத் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். துப்பாக்கிச் சமாச்சாரமாயிற்றே, லைசென்ஸ் வேண்டுமா? நல்ல துணியும் நல்ல தையலும் இருந்தால் போதாதா? நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள்?

ஒரு வாசகர், ஹூஸ்டன்

வணக்கம் தம்பி,

முதலில் விசாவைப் பேசிவிடுவோம், தையல் அப்புறம். எச்4-இல் இருப்பவருக்கு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லையென்றால் ஒரே ஒரு உறை தைத்து விற்றாலும் அது அனுமதி இல்லாத வேலைதான். கிரீன் கார்டுக்காக உங்கள் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தால் அவர் இஏடிக்கு விண்ணப்பிக்கலாம், 2015 முதல் அந்த வசதி இருக்கிறது. நீங்கள் எச்1பி-யில் இருந்துகொண்டு ராத்திரி உட்கார்ந்து தைப்பதும் சரிவராது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டத்தில் சைலன்சர் என்பதே, துப்பாக்கியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்திருந்தாலும், 'ஃபயர்ஆர்ம்' கணக்கில்தான் வரும். எச்1பி, எச்4 மாதிரி தற்காலிக விசாக்காரர்கள் ஃபயர்ஆர்ம் வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, அதை ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், என்னைப் போல எழுதுகிறவனிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடு "இந்தாருங்கள், அளவெடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனால் மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள். உறைக்கு லைசென்ஸ் வேண்டாம். அது சத்தத்தைக் குறைப்பதில்லை, வெறும் துணி, தபாலில் போகும்.

நல்ல துணியும் தையலும் போதாதா என்று கேட்டீர்களே, போதாது. இந்தத் தொழிலின் மொத்தத் தலைவலியும் அளவில்தான் இருக்கிறது.

ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது கூடவே ஒரு அளவு ஜாக்கெட் கொடுப்பார்கள் அல்லவா? இங்கே அது கிடையாது. நான் குடியுரிமை வாங்கியவன், எனக்கு விசாப் பிரச்சினை இல்லை, இருந்தும் ஜார்ஜியாவில் இருக்கிற ஒருவர் தன் சைலன்சரை எனக்குப் பார்சலில் அனுப்ப முடியாது. 1934-ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொன்றும் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும், அதற்கான உரிமம் இல்லாத இன்னொருவனிடம் விட்டுவிட்டுப் போனால் கைமாற்றியதாக ஆகிவிடும். அவர் என் எதிரிலேயே நின்றால் பரவாயில்லை. ஆனால் ஒரு உறைக்காக யார் ஜார்ஜியாவிலிருந்து நான் இருக்கிற டாலஸுக்கு வருவார்கள்? அதனால் உடம்பையே பார்க்காமல் சட்டை தைக்க வேண்டும்.

கம்பெனி விவரத்தாளில் விட்டம் ஒன்றரை அங்குலம் என்று போட்டிருக்கும். அதை நம்பித் தைத்தால் பாதி வழியில் சிக்கும், ஏனென்றால் சில மாடல்களில் துப்பாக்கியில் மாட்டுகிற பக்கம் தடித்திருக்கும், சிலவற்றில் முன்மூடி கொஞ்சம் பிதுங்கியிருக்கும். அதனால் வெர்னியர் அளவுகோலால் மூன்று இடத்தில் அளந்து, கையால் பிடித்துக் கழற்ற எத்தனை அங்குலம் உறைக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்வேன். ஒருவர் நீளத்தைத் துப்பாக்கிக் குழலில் பாதியையும் சேர்த்து அளந்து அனுப்பினார். தைத்து அனுப்பியது தலையணை உறை மாதிரி இருந்ததாம். கடைசியில் தெரிந்த கடைசல்காரர் ஒருவரைப் பிடித்து, அடிக்கடி வருகிற மாடல்களின் அளவுக்கு மரத்தில் பொம்மைகள் கடைந்து வாங்கி வரிசையாக அடுக்கி வைத்தேன். பார்க்கிறவர்கள் பூரிக்கட்டை வியாபாரமா என்று கேட்பார்கள்.

உங்கள் மனைவிக்கு உடனே புரியும் ஒரு கணக்கு சொல்கிறேன். விட்டம் 38 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 119. உள்ளே 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு லைனிங் வைத்தால் வெளி விட்டம் 44 ஆகும், சுற்றளவு 138. அதாவது மேல் துணியை 19 மில்லிமீட்டர் கூட வெட்ட வேண்டும், தையலுக்கு விடுவது தனி. இது தெரியாமல் முதலில் வெட்டிய துணியெல்லாம் வீண், அப்புறம்தான் தாளும் பென்சிலும் எடுத்தேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சூடு. ஊரில் பைக் சைலன்சர் கெண்டைக்காலில் சுட்ட தழும்பு நம்மில் பாதிப் பேருக்கு இருக்கும். இதுவும் அந்தக் குடும்பம்தான். 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கிய ஹிரம் பெர்சி மாக்சிம் இன்ஜின் சத்தத்தை அடக்கவும் அதே வழியைப் பயன்படுத்தியவர். வெடித்த வாயு உள்ளேயே சுற்றிச் சுற்றி வெளியேறுவதால் கொஞ்சம் சுட்டாலே குழாய் கொதிக்கும். கை பட்டால் வெந்துவிடும் என்பது ஒரு பக்கம். அதன் மேல் எழும் அனல், தார் ரோட்டில் மத்தியானம் தெரிகிற மாதிரி, துப்பாக்கி மேல் இருக்கிற தொலைநோக்கி முன்னால் அலையடித்துக் குறியைக் கெடுக்கும் என்பது இன்னொரு பக்கம். என்னிடம் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது காரணத்துக்காக வந்தவர்கள், ராத்திரியில் காட்டுப்பன்றி சுடப் போகிறவர்கள் உட்பட.

மேலே கார்டுரா என்ற முரட்டு நைலான் துணி, பார்க்க அழகு, ஆனால் 260 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகிவிடும். பாலியெஸ்டர் நூலும் அதே கதை. உள்ளே கண்ணாடி இழைத் துணி, தைக்க சூடு தாங்கும் கெவ்லார் நூல் என்று போக வேண்டும். கண்ணாடி இழையை வெட்டுகிற நாளில் முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அரிப்பு இரண்டு நாளைக்குப் போகாது.

அப்புறம் நழுவல். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், உறை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், ஒவ்வொரு குண்டுக்கும் துளித் துளியாக முன்னால் போய்க் கடைசியில் குழாயின் வாயை மூடி நிற்கும். அடுத்த குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போகும். நான் தைத்த நாலாவது உறை அப்படித்தான் போட்டோவாக வந்தது, "பட்டன் துளை நன்றாக விழுந்திருக்கிறது" என்று ஒரு வரியோடு. உள்ளே சிலிக்கோன் பூசிய பட்டை வைத்து, வெளியே ஷூ மாதிரி கயிறு கோத்து இறுக்கிய பிறகுதான் நின்றது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உறை போட்டால் குழாய் ஆற நேரமாகும். நாலைந்து குண்டு சுடும் வேட்டைக்காரருக்குத்தான் இது என்று ஒரு துண்டுச்சீட்டு வைத்தே அனுப்புவேன். ஒருவர் மைதானத்தில் அறுபது குண்டு விடாமல் சுட்டு, நைலான் உருகி ஒட்டிக்கொண்டதும் முழுப் பணமும் கேட்டார். பாதி கொடுத்தேன். கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று இன்னும் தோன்றுகிறது.

ஏன் நிறுத்தினேன்? 85 டாலருக்கு விற்றேன். துணி, நூல், பெட்டி, தபால் போக அறுபது நிற்கும். தைக்க இரண்டு மணி நேரம், அளவு கேட்டு எழுதுகிற ஈமெயில்கள் இன்னொரு மணி நேரம். பெட்ரோல் பங்கில் நின்றாலே அது வந்துவிடும். இதற்கு நடுவில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் ஒன்று, என் சரக்கின் பெயரில் இருந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக் கணக்கை மூடிவிட்டது. விற்பது துணி என்று ஆறு முறை எழுதினேன். நாலு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது, அதற்குள் எனக்கு வெறுத்துப்போயிற்று.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. சைலன்சர் வாங்க 1934-இல் போட்ட 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது, பதிவு மட்டும் அப்படியே. வாங்குகிறவர்கள் கூடுவார்கள், பெரிய கம்பெனிகளும் உறையோடு வந்து நிற்கும். உங்கள் மனைவிக்கு இஏடி வந்த பிறகும் இந்த எண்ணம் மாறாமல் இருந்தால், அதிகம் விற்கிற நாலைந்து மாடல்களுக்கு மட்டும் மரப்பொம்மை வைத்துத் தைக்கட்டும், ஆளுக்கொரு அளவு என்பதைத் தொடவே வேண்டாம்.

மெஷின் புதிதாக வாங்காதீர்கள். இந்தத் தடிமனுக்கு வாக்கிங் ஃபுட், அதாவது மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம், வைத்த தொழிற்சாலை மெஷின் வேண்டும், வீட்டு மெஷின் திணறும். என்னுடையது கேரேஜில் துணி மூடிக் கிடக்கிறது, பொம்மைகளும் பக்கத்திலேயே. ஹூஸ்டனிலிருந்து நாலு மணி நேரம்தானே, ஒரு சனிக்கிழமை இருவரும் வாருங்கள். அவர் இரண்டு வரி ஓட்டிப் பார்க்கட்டும், பிடித்திருந்தால் விலை பேசுவோம்.