கோழிச் சளி மருந்தைக் கிளிஞ்சல் தின்றுவிட்டது

கேள்வி: ஐயா, கே.வி.குப்பம் பக்கம் 60 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சளி பிடித்து ராத்திரியில் கொரகொரவென்று சத்தம், சிலதுக்குக் கண் வீங்கியிருக்கிறது. கடையில் கொடுத்த ஆக்சிடெட்ராசைக்ளின் மஞ்சள் பவுடரை நாலு நாளாகப் போர் தண்ணீரில் கலந்து வைக்கிறேன், பலன் இல்லை. முட்டைக்காகத் தீவனத்தில் கிளிஞ்சல் தூளும் உண்டு. மருந்து போலியா? மிச்சத்தைக் கழிச்சல் போகும் ஆட்டுக்கு ஊற்றலாமா?

பதில்: தம்பி, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பவுடர் நல்லதாகவே இருக்கலாம், அது ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் சந்தேகம். உங்கள் வீட்டில் வெந்நீர் வைக்கிற குண்டானைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். நம்ம பக்கத்துப் போர் தண்ணீர் பல இடத்தில் அப்படித்தான், சுண்ணாம்புச் சத்து அதிகம். டெட்ராசைக்ளின் வகை மருந்து கால்சியத்தைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் குடல் அதை உறிஞ்சாது, எச்சத்தோடு வெளியே போய்விடும். நீங்கள் தண்ணீரிலும் சுண்ணாம்பு வைத்து, தீவனத்தில் கிளிஞ்சலும் போட்டு, நடுவில் மருந்தை அனுப்பினால் அது எப்படித் தப்பும்?

இது பழைய கதை. இந்த வகையில் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-ல் வந்தது, மண்ணில் வாழும் பொன் நிறக் கிருமி ஒன்றிலிருந்து எடுத்தது. அது வந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த யெல்லாபிரகடா சுப்பாராவ். வாயால் சாப்பிடலாம் என்பதே அன்று பெரிய விஷயம், ஆனால் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டியது, அதனால் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற அலுமினியம் கலந்த வெள்ளை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வயிறு அடங்கியது, கூடவே ரத்தத்தில் மருந்தின் அளவும் சரிந்தது! அலுமினியமும் கால்சியம் மாதிரியே பிடித்துக்கொள்ளும், இரும்பும் அப்படியே.

சரி, செய்ய வேண்டியது: மருந்து கொடுக்கிற நாட்களில் கிளிஞ்சலை நிறுத்துங்கள். மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து, தகரத்தில் வைக்காமல் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில், நிழலில் வையுங்கள், வெயில் பட்டால் மருந்து கெடும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அளவு உறையில் போட்டிருக்கும், கண்மதிப்பு வேண்டாம். இந்த மருந்து கிருமியைக் கொல்வதில்லை, அது புரதம் செய்ய முடியாமல் தடுத்து வளர்ச்சியை நிறுத்துகிறது, மிச்ச வேலையைக் கோழியின் உடம்புதான் செய்ய வேண்டும். அதனால்தான் ரெண்டாம் நாள் சத்தம் குறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும். அமாக்சிசிலினுக்கு மாறலாமே என்று யாராவது சொல்வார்கள். அது கிருமியின் சுவரை உடைக்கிற மருந்து, இந்த நாள்பட்ட சளிக்குக் காரணமான மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது.

ஒன்று கவனியுங்கள், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்து திருகிக் கோழி சாகிறது என்றால் அது ராணிக்கெட், வைரஸ். எந்தப் பவுடரும் கேட்காது, ஆரோக்கியமாக இருக்கும்போதே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எனவே ஒரு கோழியைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு மேலே போங்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அப்புறம் உறையில் சொல்லியிருக்கிற நாட்கள் வரைக்கும் முட்டையை விற்கவும் வேண்டாம், வீட்டில் சாப்பிடவும் வேண்டாம்.

ஆட்டுக்கு ஊற்றவே கூடாது. அசைபோடுகிற வயிற்றில் தழையைச் செரிக்க வைப்பதே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான், மருந்து அதையும் சேர்த்து அடக்கிவிடும், ஆடு அசைபோடாமல் உப்பி நிற்கும். வளர்ந்த ஆடு மாட்டுக்கு இந்த மருந்து ஊசியாகத்தான் போடுவார்கள், அதுவும் கழிச்சல் குடற்புழுவாலா வேறெதாலா என்று பார்த்த பிறகு. வண்டி வைத்துக் கொண்டுபோக முடியாவிட்டால் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு போன் போடுங்கள். மிச்சப் பவுடரை அடுத்த சீசனுக்கு என்று பரணில் வைக்காதீர்கள், தேதி முடிந்து கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.