லைப்சிக்கில் முதல் வாரங்களும் காய்கறி மேசையும்

கேள்வி: வெளிநாட்டில் படிக்கப் போனவர்கள் முதல் சில வாரங்களை எப்படிக் கடந்தீர்கள்? உடனே தன்னார்வப் பணியிலும் சேர்ந்தால் படிப்பு கெடாதா?

நான் முதுகலை படிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குப் போனேன். மூன்றாவது வாரமே தன்னார்வப் பணியில் சேர்ந்தேன். படிப்பு கெடவில்லை. சேராமல் இருந்திருந்தால் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருப்பேனா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

முதல் வாரம் முழுக்கக் காகித வேலை. குடிபோன 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது, அதனால் சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது அமைதிதான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், ஆசிரியருக்குக் கைதட்டுவது போல. அதோடு அன்றைய சத்தம் ஓய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள், அதற்கப்புறம் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சனிக்கிழமை மதியத்திலிருந்து ஒரு வார்த்தைகூட வாய்விட்டுப் பேசவில்லை என்று ஒரு ஞாயிறு இரவு உறைத்தது. மறுநாளே தன்னார்வப் பணி தேட ஆரம்பித்தேன்.

நான் சேர்ந்தது 'டாஃபல்'. கடைகள் விற்காமல் ஒதுக்கும் நல்ல உணவைச் சேகரித்து, வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு. 1993-இல் பெர்லினில் தொடங்கியது, இன்று நாடெங்கும் 900-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. எனக்கு ஜெர்மனில் நூறு வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். அது போதும் என்று காய்கறி மேசையில் நிறுத்தினார்கள்.

வலைப்பையில் ஓர் ஆரஞ்சு அழுகியிருந்தால் கடையில் பை முழுவதும் கழிவுதான். நாங்கள் அந்த ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைத் துடைத்து அடுக்குவோம். பாக்கெட் உணவில்தான் கவனம் வேண்டும். அங்கே தேதி இரண்டு வகை. தயிர் டப்பாவில் இருப்பது 'இதுவரை தரம் குறையாது' என்ற தேதி. தாண்டினாலும் பார்த்து, முகர்ந்து, நன்றாக இருந்தால் கொடுக்கலாம். அரைத்த இறைச்சியில் இருப்பது 'இதற்குள் சாப்பிட வேண்டும்' என்ற தேதி, தாண்டினால் குப்பைக்குத்தான். இரண்டுக்கும் ஜெர்மனில் நீள நீளமான வார்த்தைகள். பக்கத்தில் நின்ற, பணி ஓய்வு பெற்ற ஒரு அம்மா டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டுவார், நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவர் திருத்துவார். மொழி வகுப்பில் வராத தைரியம் எனக்கு அங்கே வந்தது.

நம் நீ, நீங்கள் போல அவர்களிடம் 'து', 'ஸீ' உண்டு. அலுவலகங்களில் ஸீதான். அந்த மேசையில் எல்லோரும் எல்லோருக்கும் து. என்னைவிட 50 வயது மூத்தவரை நீ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மூன்று வாரம் ஸீ போட்டேன். ஒருநாள் அவர் கையை நிறுத்திவிட்டு, "இங்கே ஸீ என்றால் நீ என்னிடமிருந்து தள்ளி நிற்கிறாய் என்று அர்த்தம்" என்றார். அன்று முதல் து. மரியாதை பற்றி நான் அதுவரை நினைத்திருந்தது அன்று கொஞ்சம் அசைந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'கொஞ்சம் நிலைபெற்றதும் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். வாரத்தில் ஒரே ஒரு அரைநாள், வகுப்பில்லாத நாளாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முன் இரண்டு வாரம் விடுப்பு கேட்டேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. குழந்தைகளோடு பழகும் பணி என்றால் பொதுவாக நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கைக்கு வர நாளாகும் என்பதால் முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இன்னொன்று: உதவி வாங்க வரிசையில் நிற்பவர்களைத் தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். சிலர் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று தலைகுனிந்து வருவார்கள்.

ஜெர்மனிக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஊர்ப் பெயரோடு 'எஹ்ரன்ஆம்ட்' என்று தேடிப் பாருங்கள், தன்னார்வப் பணிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. பல நகரங்களில் இதற்கென்றே ஆள் சேர்த்துவிடும் அலுவலகம் இருக்கிறது. மொழி தெரியாது என்று தயங்காமல் நேரில் போங்கள், கையால் செய்யும் வேலை இருக்கும் இடமாகக் கேளுங்கள்.