வெளிச்சம் குறைந்த நேரத்திலும் மழையிலும் நல்ல படம் எடுக்க விலை கூடிய கேமரா வேண்டுமா?

வேண்டாம். இருக்கிற கேமராவில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஏற்றத் தயங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

'சாயங்காலம் எடுத்தது, சரியாகவே வரவில்லை' என்று யாராவது படம் காட்டினால் நான் முதலில் அதன் விவரங்களைத்தான் பார்ப்பேன். அநேகமாக ஐஎஸ்ஓ 400, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/10 நொடி என்று இருக்கும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் புள்ளிப்புள்ளியாகி நாய்ஸ் வந்துவிடுமோ என்ற பயம். நாய்ஸை அப்புறம் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் ஷட்டரை முதலில் முடிவு செய்யுங்கள். நிற்கிற ஆளுக்கு 1/125, நடக்கிறவருக்கு 1/250. அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) முழுசாகத் திறந்து வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். 3200, 6400 என்று போனால் போகட்டும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று சிலர் ஷட்டரைக் குறைப்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே ஓடும் குழந்தையை நிறுத்தி வைக்காது.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் லென்ஸில் செலவழியுங்கள். துவாரம் எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது), எஃப் 5.6இல் நிற்கும், கேமராவோடு வரும் கிட் லென்ஸைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அங்கே 1/10 என்றால் இங்கே 1/100. ஒரே தொல்லை, ஃபோகஸ் ஆகும் ஆழம் மெலிந்துவிடும். கண்ணில் ஃபோகஸ் வைக்கவில்லையென்றால் மூக்கு மட்டும் தெளிவாக இருக்கும்.

இனி மழை. நேரில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழை படத்தில் காணாமல் போவது பலருக்கும் நடப்பதுதான். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்தால் மழை தெரியவே தெரியாது. வெளிச்சம் மழைக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். இரவில் ஒரு தெருவிளக்கைப் பார்த்தபடி, அதன் பின்னால் கறுத்த மரமோ சுவரோ வருமாறு நின்று பாருங்கள், ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பியாகத் தெரியும். ஷட்டர் 1/60 பக்கம் இருந்தால் கோடு கோடாக விழும். 1/500க்கு மேலே போனால் துளித்துளியாக உறைந்து நிற்கும். எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும், துளிகள் பல நேரம் லென்ஸில் ஒட்டிய தூசி மாதிரி தெரிகின்றன. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷை மட்டும் போடாதீர்கள். அருகிலிருக்கும் துளிகளில் பட்டுத் திரும்பி, படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். மூடுபனியிலும் இதே கதைதான்.

மூடுபனியில் இன்னொரு சிக்கல். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளையான மூடுபனி அழுக்காகத் தெரிவது அதனால்தான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்தால் சரியாகிவிடும். இரவுத் தெருவுக்கு நேர் எதிர்: -1 வைக்காவிட்டால் விளக்குகள் எல்லாம் வெளுத்துப்போகும். இரவு இரவாகவே தெரியட்டுமே, அதைப் பகலாக்கி என்ன பயன்?

கேமராவை நனையாமல் காக்க ஒரு பாலிதீன் பை, லென்ஸின் முன்னால் மாட்டும் ஹுட்டைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட், அவ்வளவுதான். ஏசி அறையிலிருந்து ஈரக் காற்றுக்குள் நேராக எடுத்துப்போனால் லென்ஸில் ஆவி படியும், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். வெளியே வந்ததும் கேமராப் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள்.

போனில் எடுக்கிறவர்களுக்கு: நைட் மோட் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அதுவரை கை அசையக் கூடாது, சுவரிலோ கம்பத்திலோ சாய்ந்துகொள்ளுங்கள். அதற்கும் முன்னால், சட்டை நுனியாலாவது லென்ஸைத் துடையுங்கள். விளக்குகளைச் சுற்றி நீளநீளமாகக் கோடு இழுப்பது பெரும்பாலும் விரல் எண்ணெய்தான்.