மற்றவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? – கடிதம்

(முன்னெச்சரிக்கை: கடிதத்திலும் பதிலிலும் 'பிரதர்ஸ்' என்ற வீடியோ கேமின் முடிவு பேசப்படுகிறது. ஆடாதவர்கள் ஆடிவிட்டு வரலாம். ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' வீடியோ கேம் பற்றிய உங்கள் விமர்சனத்தைப் படித்துவிட்டுத்தான் அதை வாங்கினேன். நோயில் கிடக்கும் தந்தைக்காக உயிர் மரத்தின் நீரைத் தேடிப் போகும் அண்ணன் தம்பி கதை. "நாயகர்கள் இருவர், ஆட வேண்டியவர் ஒருவர். பக்கத்தில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்" என்று கறாராக எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், நான் கேட்கவில்லை. ஒரு வாரம் தங்க வந்திருந்த அக்காவை உட்காரவைத்துவிட்டேன். ஒரே கண்ட்ரோலரின் இடப்பாதி அவர் கையில், வலப்பாதி என் கையில். அவர் அண்ணன், நான் தம்பி. தோள் இடித்துக்கொண்டு ஒரே இரவில் முடித்தோம்.

ஒரு குறை உண்டு. இதில் எங்கே புதிர் இருக்கிறது? ஒருவன் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் கதவைக் கடக்கிறான். அண்ணன் தூக்கிவிட்டால் தம்பி மேலே ஏறுகிறான். கம்பிகளுக்கு இடையில் தம்பி நுழைகிறான். எந்த இடத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நாங்கள் நிற்கவில்லை. இதையா அப்படிப் புகழ்ந்தீர்கள்?

இன்னொன்று. அண்ணன் இறந்ததும் அக்கா கண்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு, "என் ஆள் போய்விட்டான், மீதியை நீயே பார்த்துக்கொள்" என்று எழுந்து போய்விட்டார். வெள்ளத்தின் கரையில் தம்பி நின்றுவிட்டான். நீந்த மறுக்கிறான். என் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஆட்டம் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே குனிந்து தன் பக்கத்துப் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினார். தம்பி நீந்தினான். கரை சேரும்வரை அக்கா விரலை எடுக்கவில்லை. அன்று இரவு அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

நாங்கள் ஆடியது தவறான முறையா? நானும் ஆட்டங்களைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன். ஓவியம் நன்று, இசை நன்று, பத்துக்கு ஏழு என்று முடிந்துவிடுகிறது. இருவர் சேர்ந்து இயங்கும் ஆட்டத்தை எதை வைத்து எடைபோடுவது?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் ஆடியது தவறான முறையா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். ஓவியம், இசை, கட்டுப்பாடு என்று கூறு போட்டு எழுதினால் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நெடிதான் வரும். நானும் சில வருடங்கள் அப்படி எழுதியவன்தான்.

புதிர்கள் எளிது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் உங்களுக்கு அவை இன்னும் எளிதாக இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஆட்டத்தைத் தனியாக ஆடுபவனின் இடக்கட்டைவிரல் அண்ணனை நடத்துகிறது, வலக்கட்டைவிரல் தம்பியை நடத்துகிறது. அண்ணன் திரையின் இடப்பக்கமும் தம்பி வலப்பக்கமும் இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒரு திருப்பத்தில் இருவரும் பக்கம் மாறிவிடுவார்கள். அங்கே மூளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அண்ணனை நிறுத்த நினைத்துத் தம்பியை நிறுத்துவேன். இருவரும் ஆளுக்கொரு சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். கதவும் நெம்புகோலும் சாக்கு. உண்மையான புதிர் ஆடுபவனின் இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கிறது. நீங்களும் அக்காவும் ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு மூளை என்று பிரித்துக்கொண்டீர்கள். புதிர் அங்கேயே அவிழ்ந்துவிட்டது.

இரண்டு நாயகர்கள் உள்ள எந்த ஆட்டத்தையும் எடைபோட நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: ஒருவன் வேலை செய்யும்போது மற்றவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? நுகத்தடியில் ஒரு மாடு இழுக்க, இன்னொன்று அசைபோட்டுக்கொண்டே நடந்துவந்தால் அதை இரட்டை மாட்டு வண்டி என்று எப்படிச் சொல்வது?

மிக மலிவான வடிவமைப்பு எதுவென்றால், தரையில் இருக்கும் பொத்தான் மேல் ஒருவனை நிற்கவைத்துவிட்டு மற்றவனை அனுப்புவது. நிற்பவனின் இடத்தில் ஒரு கல்லை வைத்தாலும் கதவு திறந்திருக்கும். புதிதாக ஓர் ஆட்டத்தை எடுத்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு இந்தக் கல் சோதனையைத்தான் செய்கிறேன். எத்தனை இடத்தில் கூட்டாளிக்குப் பதில் ஒரு கல் போதும் என்று எண்ணுவேன்.

'பிரதர்ஸ்' இந்தச் சோதனையில் எல்லா இடத்திலும் தேறுவதில்லை. நீங்கள் சொன்ன நெம்புகோல்கள் சிலவற்றில் கல்லே போதும். ஆனால் வைக்கோல் கட்டுகளும் நாயும் வரும் வயலை நினைத்துப் பாருங்கள். கட்டின் மேல் நிற்பவன் நாயின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்தால்தான் மற்றவன் அடுத்த கட்டுக்கு ஓட முடியும். நிற்பதே அங்கே ஒரு வேலை.

அதைவிட நல்ல உதாரணம் கயிறு வரும் இடம். இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. கோட்டைச் சுவரின் விளிம்பைப் பற்றிக்கொண்டு போக வேண்டும். இட டிரிக்கரை (கண்ட்ரோலரின் விளிம்பில் இருக்கும் பொத்தான்) அழுத்திப் பிடித்திருக்கும்வரை அண்ணனின் பிடி, வல டிரிக்கரை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தம்பியின் பிடி. ஒன்றை விட்டால் அவன் கயிற்றில் ஊசலாடுவான். வீச்சின் உச்சியில் அடுத்த விளிம்பைப் பற்ற வேண்டும். அவன் பற்றிய பிறகே மற்றவனை விடலாம். ஒரு கணம் முந்திக்கொண்டால் இருவரும் பள்ளத்தில். நான் முதல் முறை ஆடியபோது, ஊசலாடியவனின் விரல் சும்மா இருக்க, சுவரைப் பற்றியிருந்தவனின் விரல்தான் வலித்தது. காத்திருப்பவனின் உழைப்பை விரல் மூட்டில் உணரவைத்த ஆட்டங்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

இதை 2013-ல் செய்தவர்கள் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனத்தார் என்பது வேடிக்கை. அதுவரை துப்பாக்கியும் இருட்டும் நிறைந்த ஆட்டங்களுக்குப் பேர்போனவர்கள். இயக்கிய ஜோசஃப் ஃபாரெஸ் திரைப்படத்திலிருந்து வந்தவர். பாத்திரங்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, மொழிபெயர்ப்பு வரிகளும் கிடையாது. அதனால் ஒரே ஆளிடம் அண்ணன் போய் வழி கேட்பதையும் தம்பி போய்க் குறும்பு செய்வதையும் கொண்டே இருவரையும் தெரிந்துகொள்கிறோம்.

இரண்டாவதாகப் பார்ப்பது: ஒருவர் செய்த பிழைக்கு யார் தண்டனை அனுபவிக்கிறார்? 'ஃபயர்பாய் அண்டு வாட்டர்கேர்ள்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2009-ல் பிரவுசரில் ஆடுவதற்காக வந்தது. ஒரே கீபோர்டில் இருவர். நெருப்புப் பையன் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, நீர்ப் பெண் நெருப்புக் குழம்பைத் தொடக் கூடாது, பச்சைச் சேறு இருவருக்கும் எமன். ஒருவர் செத்தால் லெவல் முழுவதும் இருவருக்கும் முதலிலிருந்து. விதி இரண்டு வரிதான். ஆனால் மற்றவர் தாவும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கவைக்கும். அதில் தரைப் பொத்தான்கள் ஏராளம், கல் சோதனையில் பாதி இடங்களில் தோற்கும். ஆனாலும் நிற்பவருக்குச் சலிப்பு வருவதில்லை, அவர் உயிரும் மற்றவரின் கால்களில் இருப்பதால். என் ஒரே கேள்வி என்று மேலே பெருமையாகச் சொன்னேன். அதை ஒரு சின்ன ஆட்டம் இப்படி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறது.

ஃபாரெஸ் பின்னாளில் ஹேஸ்லைட் நிறுவனத்தில் இயக்கிய 'இட் டேக்ஸ் டூ' இதற்கு நேரெதிர். பெரும்பாலான இடங்களில் ஒருவர் விழுந்தால் சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடலாம், மற்றவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார். சண்டை வராது. பதற்றமும் அவ்வளவாக வராது. 2021-ன் சிறந்த ஆட்டம் என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விருது பெற்றது; தகுதியான விருதுதான். ஆனால் பரபரப்பு எனக்குக் கீபோர்டை இருவர் பங்கிட்டுக்கொண்டதில்தான் அதிகம் கிடைத்தது.

'இட் டேக்ஸ் டூ' பற்றி எழுதும்போது நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் தம்பதி பொம்மைகளாகிவிடும் கதை. கணவன் கோடிக்கும் மனைவி மே-க்கும் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு கருவிகள். ஒரு பகுதியில் கோடி மரச்சுவரில் ஆணி எறிவான். மே அந்த ஆணியில் சுத்தியலை மாட்டி ஊசலாடிப் போவாள். நான் கோடியாக மட்டும் ஆடி முடித்துவிட்டு விமர்சனம் எழுதி அனுப்பிவிட்டேன். பல மாதம் கழித்து மே-யாக ஆடியபோதுதான் தெரிந்தது, நான் எழுதியது அரை ஆட்டத்தின் விமர்சனம் என்று. ஆணி எறிபவனுக்கு அது குறிபார்க்கும் ஆட்டம், தொங்குபவளுக்கு அது நம்பும் ஆட்டம். ஆகவே நீங்கள் எழுதும்போது இருவராகவும் ஆடிவிட்டு எழுதுங்கள். முடிந்தால் இரண்டாம் முறை வேறு கூட்டாளியோடு.

கூட்டாளியைச் சொன்னதும் 'போர்ட்டல் 2' நினைவுக்கு வருகிறது. 2011-ல் வந்தது. அதில் அட்லஸ், பி-பாடி என்ற இரண்டு ரோபோக்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. சுவரில் சுட்டு வாயில் திறக்க வேண்டும்; ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றில் வெளிவரலாம். ஆளுக்கு இரண்டு வாயில்கள், ஆக நான்கு. கல் சோதனையில் நூற்றுக்கு நூறு. ஆனால் முன்பே ஆடி முடித்த ஒரு நண்பரோடு நான் உட்கார்ந்தேன். "இங்கே நில், அங்கே சுடு, இப்போது குதி" என்று அவர் சொல்லச் சொல்ல, அன்று மாலை நானே அந்தக் கல்லாகிப்போனேன். பழியை ஆட்டத்தின் மேல் போட முடியாது. இப்படிப்பட்ட ஆட்டத்தின் விமர்சனத்தில் 'இருவருமே ஆடாதவர்களாக இருந்தால் நல்லது' என்று ஒரு வரி சேர்ப்பது வாசகருக்கு மதிப்பெண்ணைவிட உதவும்.

இனி உங்கள் அக்கா.

தனியாக ஆடுங்கள் என்று நான் அடித்துச் சொன்னது அந்த வெள்ளத்தை மனதில் வைத்துத்தான். தாய் நீரில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவன் தம்பி. ஆட்டம் முழுக்க அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் தண்ணீரைக் கடந்திருக்கிறான். அண்ணன் போன பிறகு இடக்கைக்கு வேலையே இல்லை. மூன்று மணி நேரம் பழகிய கை வெறுமனே கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெள்ளத்தின் முன் அந்தக் கையின் பொத்தானை அழுத்தினால்தான் தம்பி நீந்துகிறான். திரையில் ஒரு சொல் இல்லை, ஆனால் நம் விரலுக்குப் புரிந்துவிடுகிறது. ஒரே உடம்பில் இரண்டு கைகளும் இருந்தால்தான் இந்த இடம் வேலை செய்யும் என்று நம்பியிருந்தேன். இருவர் ஆடினால் ஒருவர் பாதியிலேயே வேலையற்றுப் போவார், வெள்ளம் வெறும் குழப்பமாகிவிடும் என்பது என் கணக்கு. 2024-ல் வந்த மறு ஆக்கத்தில் இருவர் ஆடும் வசதியைச் சேர்த்தபோதும் அதனால்தான் முகம் சுளித்தேன்.

உங்கள் கடிதத்தில் என் கணக்கு பாதி சரியாகத்தான் வந்திருக்கிறது. அக்கா வேலையற்றுப் போனார், எழுந்தும் போனார். நீங்கள் குழம்பினீர்கள், ஆட்டம் பழுது என்றே நினைத்தீர்கள். ஆனால் அவர் திரும்பி வந்து, உட்காராமல், ஒரு விரலை நீட்டியதை எந்த வடிவமைப்பாளரும் எழுதிவைத்திருக்க முடியாது. எனக்கு அந்த இடத்தில் கிடைத்தது என் இடக்கையின் நினைவுதான். உங்களுக்கு வந்தது இன்னொருவரின் கை. கரை சேரும்வரை விரலை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதைப் படித்துவிட்டு என் பழைய விமர்சனத்தைத் திறந்து 'பக்கத்தில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்' என்ற வரியை அடித்துவிட்டேன். அந்த வரியின் இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

நீங்கள் தனியாக ஒரு முறை ஆடிப் பாருங்கள் என்று மட்டும் இப்போதும் சொல்வேன். வெள்ளத்துக்காக வேண்டாம், அது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றுக்காக.

அக்கா ஊருக்குத் திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். 'இட் டேக்ஸ் டூ'வில் ஒருவர் ஒரு பிரதி வாங்கினால் போதும், மற்றவர் 'ஃப்ரெண்ட்ஸ் பாஸ்' வழியாக அவர் வீட்டிலிருந்தே இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். தனியாக ஆட வழியே வைக்கவில்லை, ஆகவே பாதியில் எழுந்துபோகவும் முடியாது. யார் எந்தப் பாத்திரம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். சுத்தியலைத்தான் கேட்பார்.

அன்புடன்