ஹிஸ்பானிக் வாக்காளர்களுக்கு வரும் தேர்தல் அட்டைகள் ஏன் கோபமூட்டுகின்றன?

அமெரிக்காவில் தேர்தல் நேரத்தில் கட்சிகள் வீட்டுக்குத் தபாலில் அனுப்பும் பிரசார அட்டையை மெயிலர் என்பார்கள். ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட ஹிஸ்பானிக் மக்களுக்கென்றே தனி அட்டைகள் அச்சாகின்றன.

யாருக்கு அனுப்புவது என்று கட்சிகளுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான மாநிலங்களின் வாக்காளர் பட்டியலில் இன விவரம் இருக்காது. அதனால் கார்சியா, ரோட்ரிகஸ் போன்ற குடும்பப் பெயரையும் வசிக்கும் பகுதியையும் வைத்து ஊகிக்கிறார்கள். பந்திக்கு வந்தவரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, இலையில் என்ன பரிமாறலாம் என்று முடிவு செய்வது போலத்தான். தலைமுறைகளாக ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக்கும் ஸ்பானிய அட்டை போய்விடும். அப்புறம், மயாமியில் வாழும் கியூபா வம்சாவளியினரின் கவலை வேறு, டெக்சாஸ் எல்லையோர மெக்சிகோ வம்சாவளியினரின் கவலை வேறு. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்களோ பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமக்கள். அவர்களிடம் குடியுரிமை பெறுவது பற்றிப் பேசினால் கோபம் வராதா? அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

ஹிஸ்பானிக் மக்கள் எல்லோரும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல: பெரும்பான்மையாக அவர்களே வாழும் டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), 1892க்குப் பிறகு முதன்முறையாக 2024இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் முன்னிலை பெற்றார்.